குற்றவாளிக்கு ஒரு வாய்பாடு

மர்ம நாவல் எழுதுவோர் ஒரே கதையைத்தான் பெயரும் ஊரும் மாற்றி மீண்டும் மீண்டும் விற்கின்றனர் என்னும் குற்றச்சாட்டு மிகப் பழையது. அவ்வாறு குற்றம் சாட்டுவோரிற் பலர் அந்நூல்களை விடாமற் படிப்பவர்கள் என்பதுதான் வேடிக்கை. நள்ளிரவு வரை விளக்கணைக்காமல் படித்து முடித்துவிட்டு, ‘போன நாவலிலும் இதைத்தானே செய்தான்!’ என்று சலித்துக்கொள்ளும் வாசகர் இல்லாத வீடு குறைவு. இக்குற்றச்சாட்டு உண்மைதானா, உண்மையெனில் அதிற் பிழை எங்கே இருக்கிறது என்பது சிறிது நின்று எண்ணத் தக்கது.

உண்மைதான் என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. எழுதியவர்களே விட்டுச் சென்றிருக்கின்றனர். பெர்ரி மேசன் என்னும் வழக்கறிஞரைக் கதைத் தலைவராக்கி 1933 முதல் எண்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்த அமெரிக்கர் எர்ல் ஸ்டான்லி கார்ட்னர், கதை பின்னுவதற்கென்றே அட்டைச் சக்கரங்கள் செய்து வைத்திருந்தார். ஒரு சக்கரத்தில் கதைத் தலைவனுக்கு இடையூறு செய்யும் சிறு பாத்திரங்கள். மற்றொன்றில் சிக்கலை முறுக்கும் சூழ்நிலைகள். வேறொன்றில் அவனைத் திசைதிருப்பும் பொய்த் தடயங்கள். சக்கரத்தைச் சுழற்றினால் கதைக்கு ஒரு கண்ணி கிடைத்துவிடும். அச்சக்கரங்கள் இன்று டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில், அவருடைய ஏனைய தாள்களோடு பாதுகாக்கப்படுகின்றன.

அவர் காலத்தவரான லெஸ்டர் டென்ட், ‘டாக் சாவேஜ்’ கதைகளை நூற்றைம்பதுக்கு மேல் எழுதியவர். ஆறாயிரம் சொற்களில் ஒரு கதையை எழுதுவது எப்படி என்று அவர் வாய்பாடே வகுத்துக் கொடுத்தார். ஆயிரத்தைந்நூறு சொற்கள் கொண்ட நான்கு பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் கதைத் தலைவன் தலையில் மேன்மேலும் துன்பத்தைக் கொட்ட வேண்டும். முடிவில் ஒரு திருப்பம் வர வேண்டும். சமையற் குறிப்பு எழுதுவோர் கூட இவ்வளவு கறாராக அளவு சொல்வதில்லை.

இயன் ஃபிளெமிங்கின் ஜேம்ஸ் பாண்டு நாவல்களை எடுத்துக்கொண்ட இத்தாலிய அறிஞர் உம்பெர்த்தோ எக்கோ, அவை யாவும் சதுரங்கத்தின் காய் நகர்வுகளைப் போல ஒன்பது நகர்வுகளுக்குள் அடங்கிவிடுகின்றன என்று 1965இல் எழுதிய கட்டுரையிற் காட்டினார். மேலதிகாரி பணி தருகிறார், வில்லன் தோன்றுகிறான், பெண் வருகிறாள், பாண்டு பிடிபட்டுச் சித்திரவதைக்குள்ளாகிறான், பின்னர் வெல்கிறான். நகர்வுகளின் வரிசை மாறலாம், நகர்வுகள் மாறுவதில்லை. டான் பிரவுனின் ராபர்ட் லாங்டன் நாவல்களிலும் இவ்வாறே ஒரு பிணம், ஒரு புதிர், கற்றறிந்த ஒரு பெண், ஓரிரு நாட்களுக்குள் முடிந்தாக வேண்டிய ஓட்டம் எனச் சட்டகம் பெரிதும் ஒன்றாகவே இருக்கிறது.

சரி, இது மோசடியா? அல்ல என்றே கருதுகிறேன். தெரியாமல் வாங்கியவனைத்தான் ஏமாற்றியதாகச் சொல்ல இயலும். பெர்ரி மேசன் நாவலை வாங்குகிறவர், இறுதியில் நீதிமன்றத்திலே குறுக்கு விசாரணையில் உண்மை வெடித்து வெளிவரும் என்று தெரிந்தேதான் காசு கொடுக்கிறார். அது வராவிட்டால்தான் சண்டைக்கு வருவார். ஃபிரெடெரிக் ஃபோர்சைத் 1971இல் வெளியிட்ட ‘தி டே ஆஃப் தி ஜக்கால்’ நாவல், பிரெஞ்சு அதிபர் டி காலைக் கொல்ல அமர்த்தப்பட்டவனின் கதை. டி கால் 1970 நவம்பரில் தம் இல்லத்தில் இயற்கையாக மரணமடைந்தார் என்பதை உலகமே அறியும். ஆகவே, கொலை முயற்சி தோற்கும் என்பது முதற் பக்கத்திலேயே வாசகருக்குத் தெரியும். தெரிந்தும் இலட்சக்கணக்கானோர் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தனர்.

நாம் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சிந்துபாத்தின் பயணங்கள்தாம் என்ன? கப்பலேறுகிறான், கப்பலை இழக்கிறான், அல்லது கப்பல் அவனைக் கரையில் விட்டுச் செல்கிறது, விபரீதமான தீவொன்றில் உயிருக்குப் போராடுகிறான், பெருஞ்செல்வத்தோடு பக்தாதுக்குத் திரும்புகிறான், வீட்டிலிருக்க மனமின்றி மறுபடியும் கப்பலேறுகிறான். ஏழு முறை! மூன்றாவது பயணத்திலேயே முடிவு நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஏழாவதையும் கேட்காமல் உறங்கச் சென்ற குழந்தை எதுவுமில்லை. வெண்பாவின் ஈற்றடி முச்சீராய் முடியும் என்பதை அறிந்தவனுக்குத்தான் அது முடியும் இடத்தின் இன்பம் புலப்படுகிறது. வாய்பாடு இருப்பது குறையன்று.

எனினும் வெண்பாவுக்கும் மர்ம நாவலுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. வெண்பாவின் வாய்பாட்டில் அமர்வன அசையும் சீரும். மர்ம நாவலின் வாய்பாட்டில் அமர்வோர் மனிதர்கள். அதிலும் ஓரிடம், பார்த்தவுடனே வாசகர் அஞ்ச வேண்டிய ஒருவனுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவன் யார், அவனுக்கு ஏன் இந்தக் கொடுமை மனம் வந்தது என்று விளக்க ஆசிரியருக்கு நேரமில்லை, கதை ஓடிக்கொண்டிருக்கிறது. விளக்காமலே அச்சமூட்டுவதற்கு எளிய வழி, வாசகர் ஏற்கெனவே ஐயத்தோடு நோக்கும் ஓர் இனத்திலிருந்து ஆளைப் பிடித்து வருவதுதான்.

நூறாண்டுகளுக்கு முன்னர் ஆங்கிலக் கதைகளில் அந்த இடத்தில் அமர்த்தப்பட்டவர் சீனர். சாக்ஸ் ரோமர் 1913இல் ஃபூ மாஞ்சு என்னும் சீனச் சதிகாரனை நூலாக உலவவிட்டார். அவனுடைய சாயல்கள் புற்றீசல் போலப் பெருகின. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தபோது, கதையில் சீனர் எவரும் வரலாகாது என்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். இக்காலத்தில் அதைப் படிப்போர் சீனர் மீது அவருக்கிருந்த வெறுப்பென்று எண்ணக்கூடும். தேய்ந்துபோன அந்தச் சரக்கை இனியும் விற்காதீர்கள் என்று தம் கூட்டத்தாரை அவர் எள்ளியது அது. ஒரு மக்களினமே கதைத் தொழிலின் மலிவான உதிரிப் பாகமாகிவிட்டதைத் தொழிலுக்குள்ளிருந்தே ஒருவர் கண்டுகொண்டார்.

சீனர் அகன்ற பின்னும் நாற்காலி காலியாக இருக்கவில்லை. ஃபிளெமிங்கின் வில்லன்களைக் கணக்கிட்ட எக்கோ, அவர்களிற் பலர் கலப்பினத்தவராகவோ அயலவராகவோ, உடலிலே ஏதேனும் ஒரு விகாரம் உடையவராகவோ இருப்பதைக் குறித்துக் காட்டினார். 1958இல் வந்த டாக்டர் நோவின் தந்தை ஜெர்மானியர், தாய் சீனர். 1970களுக்குப் பிறகு அரபியர் முறை வந்தது. தாமஸ் ஹாரிஸ் 1975இல் எழுதிய ‘பிளாக் சண்டே’யில், அமெரிக்க விளையாட்டரங்கில் திரண்டிருக்கும் பெருங்கூட்டத்தை அழிக்கச் சதி செய்வோர் பாலஸ்தீன இயக்கத்தினர். டான் பிரவுனின் ‘ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்’ 2000இல் வந்தபோது, கொலைகளைச் செய்பவனுக்குச் சொந்தப் பெயர்கூட இல்லை. ‘ஹஸாஸின்’ என்ற பட்டமே போதுமானதாயிற்று. அவன் மத்திய கிழக்கிலிருந்து வந்தவன். பெண்களை இழிவாக நடத்துபவன். அவனை ஏவிய சூத்திரதாரி வேறொருவர் என்பது பின்னரே தெரிகிறது. வாசகரின் ஐயம் அந்த அரபியின் மீது தானாகவே சென்று நிற்கும் என்ற நம்பிக்கையில், அவனை ஆசிரியர் திரையாகப் பயன்படுத்திக்கொள்கிறார். அந்தப் பட்டத்தின் பின்னணியாகச் சொல்லப்படும் கஞ்சா மயக்கக் கதைகள் வரலாறல்ல, சிலுவைப் போர்க் காலத்தவரும் பின்வந்தோரும் பின்னிய கட்டுக்கதைகளே என்பதை ஃபர்ஹாத் தஃப்தரி 1994இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டிவிட்டார். நாவலாசிரியர்களுக்குக் கட்டுக்கதையே வசதியாக இருந்தது.

வில்லன் என்று ஒருவன் வேண்டும், அவன் ஏதேனும் ஓர் ஊரில் பிறந்துதானே ஆக வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அரபியரிலும் கொலைகாரர் உண்டு, தமிழரிலும் உண்டு. ஒரு நூலில் அப்படி ஒருவன் வந்தால் அவன் ஒரு பாத்திரம். நூற்றுக்கணக்கான நூல்களில் அதே இடத்தில் அதே இனத்தான் அமர்த்தப்படும்போது, கதை சாட்சியத்தின் வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகிறது. திரும்பத் திரும்பச் சொல்வதற்குள்ள வலிமை அது. தனித்தனியே எந்த ஆசிரியரும் பொய் சொல்லவில்லை. எல்லாம் கற்பனை என்று முன்பக்கத்திலேயே அச்சிட்டும் விடுகிறார்கள். ஆனாலும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில், காலியாக இருந்த வீடு காலியில்லை என்றாகிவிடுவதை அறிந்த குடும்பங்களுக்கு, ஐயம் எவ்வளவு முன்கூட்டியே சமைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சமையலில் நாவல்களின் பங்கு எத்தனை வீதம் என்று அளந்து சொல்ல எந்தத் தராசும் கிடையாது. பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

நம் கதைக் களஞ்சியம் மட்டும் தூயது என்று நெஞ்சு நிமிர்த்துவதற்கும் இடமில்லை. ஆயிரத்தொரு இரவுகளின் மூன்று ஆப்பிள் கதையில், பெட்டிக்குள் வெட்டுண்டு கிடந்த பெண்ணின் கொலைகாரனை மூன்று நாட்களில் கண்டுபிடிக்குமாறு கலீஃபா ஹாரூன் அல்ரஷீத் தம் அமைச்சர் ஜஃபருக்கு ஆணையிடுகிறார். கொன்றவன் கணவனே, பொய்யான ஐயத்தால் கொன்றுவிட்டான். ஐயத்தின் கொடுமையை இதைவிட அழுத்தமாகச் சொன்ன பழங்கதைகள் சிலவே. அப்படிப்பட்ட கதையிலும், பொய் சொல்லி ஐயத்தை விதைத்தவன் யார்? ஒரு கறுப்பு அடிமை. அந்நூலைத் தொடங்கிவைக்கும் கதையிலும் அரசியின் துரோகத்துக்குத் துணை கறுப்பு அடிமையே. பாக்தாதிலும் கெய்ரோவிலும் அக்கதைகளைக் கேட்டிருந்தோருக்கு அந்த நாற்காலியில் அமர்த்த எளிதாகக் கிடைத்தவன் அவன். அதைச் சொல்லாமல் டான் பிரவுனை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது.

ஃபிளெமிங்கின் நூல்களை அவற்றின் உரிமையாளர்கள் 2023இல் மறுபதிப்புச் செய்தபோது, இனங்களை இழிவுபடுத்தும் சில சொற்களை நீக்கினர். வரவேற்றவரும் உண்டு, எதிர்த்தவரும் உண்டு. எனக்கு அதில் பெரிய நாட்டமில்லை. வசைச் சொல்லை எடுத்துவிடலாம். வில்லன் இன்னான் என்று முகத்தைக் கண்டே தெரிந்துகொள்ளும் வாய்பாட்டை எடுத்துவிட்டால் அந்நூலில் மிஞ்சுவது குறைவு.

இதற்கு நேர்மாறான வாய்பாடும் உண்டென்பதால்தான் கார்ட்னரை முதலிலேயே குறிப்பிட்டேன். அவருடைய சக்கரங்கள் எத்தனை முறை சுழன்றாலும் ஒன்று மட்டும் மாறுவது அரிது: எல்லாச் சான்றுகளும் எவருக்கு எதிராகத் திரண்டு நிற்கின்றனவோ, அவர் குற்றமற்றவர். காவல்துறை நம்புகிறது, செய்தித்தாள் நம்புகிறது, வாசகரும் பாதி நம்பிவிடுகிறார். மேசன் மட்டும் நம்புவதில்லை. எண்பது நாவல்களில் ஒரே கதை என்று நகைப்பவர்கள், அந்த ஒரே கதை வாசகரை எதற்குப் பழக்குகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அகதா கிறிஸ்டியின் நூல்களும் ஒருவகையில் அத்தகையனவே. எவர்மீது ஐயம் எழவில்லையோ அவரே செய்திருப்பார் என்பது அவருடைய விளையாட்டு. 1926இல் வந்த ‘ரோஜர் அக்ராய்ட்’ நாவலில் அது எங்கே போய் முடிகிறது என்பதைச் சொல்லி, படிக்காதவர்களின் இன்பத்தைக் கெடுக்க விரும்பவில்லை.

கார்ட்னர் கதையோடு நின்றுவிடவில்லை. 1948இல் ‘ஆர்கோசி’ என்னும் இதழின் துணையோடு, சட்டமும் தடயவியலும் அறிந்த சிலரைச் சேர்த்துக்கொண்டு, தவறாகத் தண்டிக்கப்பட்டுச் சிறையிற் கிடப்போரின் வழக்குகளை மீண்டும் ஆராயத் தொடங்கினார். அரசு ஏற்படுத்திய நீதிமன்றமன்று அது. ‘கோர்ட் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்’ என்று அவர்கள் தாமே வைத்துக்கொண்ட பெயர். எல்லா மன்றங்களும் கதவடைத்த பின்னர் இறுதியாக முறையிட வேண்டிய மன்றம் மக்கள்தாம் என்பது அப்பெயரின் உட்பொருள். சிறைக்குள்ளிருந்து கடிதங்கள் வந்தன. விசாரித்து அறிந்ததை இதழில் எழுதினர். சிலர் விடுதலையும் பெற்றனர். அதைப் பற்றி அவர் 1952இல் எழுதிய நூலுக்கு அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கத்தின் விருது கிடைத்தது. அந்தக் கட்டுரைகளைப் படித்து, முன்பின் அறியாத கைதிகளுக்காகக் குரல் கொடுத்த பொதுமக்களில், பெர்ரி மேசனின் ஒரே கதையை ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களும் இருந்திருப்பர்.