சதுரங்கமும் நியமமும்

ஒசூர்ச் சிப்காட் தொழிற்கூடங்களில் பணியேற்றுக் குடியமர்ந்த நம்மவர்களில், பிள்ளைகளைச் சதுரங்கப் பயிற்சிக்கு அனுப்புவோர் உளர். பகலெல்லாம் கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்களோடு பழகும் தந்தைக்கு, மாலையில் பிள்ளையின் ஆட்டத்தில் பிழை காணக் கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவை நாடுவது இயல்பே. உலக வாகையரையும் வெல்லும் ஆற்றல் அதற்குண்டு. அதனைப் பத்து வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்தல் தகுமா?

சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், துய்ப்பனவற்றை வரையறுக்கும் விரதத்தை விளக்குமிடத்து, வாழ்நாள் முழுமைக்கும் விலக்குதலை யமம் என்றும், காலவரையறையோடு விலக்குதலை நியமம் என்றும் பகுத்துரைக்கிறார். இயந்திரத்தை அறவே துறத்தல் இல்லறத்தார்க்கு இயலாது, தேவையுமன்று. நியமம் இயலும்.

சென்னையைச் சேர்ந்த குகேஷுக்கு அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா வகுத்தது இத்தகையதே. தரப்புள்ளி ஏறத்தாழ 2500-ஐ எட்டும்வரை கணினியின் துணையின்றியே பயிற்றுவித்தார். 2019 ஜனவரியில், 12 வயதில், குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக வாகையரானார். வெற்றி அந்நியமத்தின் பயனே என்று சாதிக்க வரவில்லை. கணினியோடு பயின்று உயர்ந்தோரும் பலர். ஆனால் அறிதலும் காண்டலும் உயிரின் இலக்கணம் என்பது நம் ஆகமக் கொள்கை. புத்கலத்தாலான கருவி விடையைக் காட்டலாம். அறிய வேண்டியது பிள்ளையின் உயிர். விடை முந்தி வந்துவிடின், அறியும் முயற்சி தொடங்காமலே நின்றுவிடும்.

மறைத்துப் பயன்படுத்துதல் வேறு வகைக் குற்றம். 2021 ஜூனில் கொரோனா நிவாரண நிதிக்காக விசுவநாதன் ஆனந்த் இணையவழி ஆடியபோது, அண்டை நகராம் பெங்களூரின் தொழிலதிபர் ஒருவர் கணினியின் துணையை மறைத்து அவரை வென்றார், மறுநாளே ஒப்புக்கொண்டார். நோக்கம் தானம், எவர் பொருளும் பறிபோகவில்லை. எனினும் கொடாததைக் கொள்ளுதல் களவு எனின், அங்கே கொள்ளப்பட்டது, எதிரிலிருப்பவர் தம் மதியால் ஆடுகிறார் என்னும் ஆனந்தின் நம்பிக்கை.

2500 என்பது நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் எட்டாத எல்லை. ஆதலின் எல்லையை வீட்டிலேயே வகுத்தல் வேண்டும். தோற்ற ஆட்டத்தில் எங்கே தவறினோம் என்பதைப் பிள்ளை தானே தேடித் தாளில் எழுதட்டும். கைப்பேசி அதன் பின்னர்த் திறக்கப்படட்டும். இடையே செல்வது ஒரு நாழிகையா, ஒரு நாளா என்பது பிள்ளையின் ஆற்றலைப் பொறுத்தது. அதுவரை தந்தையும் பாராதிருத்தல் நன்று. ஒளிந்து பார்த்துவிட்டு ஆசிரியர்போல் பேசுவதைப் பிள்ளைகள் எளிதில் கண்டுகொள்கிறார்கள்.