நூற்றில் பத்து

கல்வராயன் மலையில் மரவள்ளி அறுவடை தொடங்கினால் மாமாவுக்கு ஓய்வு கிடையாது. ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் கிழங்கை லாரியில் ஏற்றுவது அவர் வேலை. போன வருடம் இடுப்பில் வட்டு பிதுங்கி, வலி கால்வரை இறங்கி, கடைசியில் ஆபரேஷன் நடந்தது. நூறு பேரில் பத்துப் பேருக்குத் திரும்பவும் வரலாம் என்றார் டாக்டர். கள்ளக்குறிச்சி வீட்டுக்கு வந்ததும் மாமா என்னைப் பிடித்துக்கொண்டார்: "மாப்ள, நான் அந்தப் பத்துலயா, தொண்ணூறுலயா?"

கணிப்பு மாடல்கள் எழுதுவதுதான் என் பிழைப்பு. ஆனாலும் என்னிடம் பதில் இல்லை.

வட்டு என்பது வெளியே நார்வளையம், உள்ளே கூழ். வளையம் கிழிந்து கூழ் வெளியே வந்து நரம்பை அழுத்துகிறது. ஆபரேஷனில் பிதுங்கிய துண்டை எடுப்பார்கள்; கிழிசலைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். 2003-ல் யூஜின் கராகீ குழு வெளியிட்ட ஆய்வில், கிழிசல் வெறும் கீறலாக இருந்தவர்களில் சுமார் 1 சதவீதத்தினருக்கும், பெரிய ஓட்டையாக இருந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் மறுபடி பிதுங்கியது. ஆக, எந்தக் கூட்டத்தில் மாமாவை நிறுத்துகிறோமோ அதற்கேற்ப எண் மாறும். பீடி பிடிப்பவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், சுமை தூக்குபவர்கள் என்று கூட்டங்களுக்கு முடிவில்லை. ஒரு மனிதன் ஒரே நேரத்தில் எண்ணற்ற கூட்டங்களைச் சேர்ந்தவன் என்ற இந்தச் சிக்கலை ஜான் வென் 1866-லேயே எழுதிவிட்டார். எண் கூட்டத்தைப் பற்றியது. வலி மாமாவுடையது.

இதுவரை தர்க்கம். என்னை உறுத்துவது வேறு. இப்படியொரு மாடலை நான் எழுதினால், அட்டவணையில் ஓட்டையின் அகலத்துக்குப் பக்கத்திலேயே 'கனமான வேலை: ஆம் / இல்லை' என்று ஒரு கட்டம் வைப்பேன். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒன்று உடம்பு, மற்றது கூலி. ஒரே வரிசையில் வைத்ததும் கூலியும் அவர் உடம்பின் குறைபோல ஆகிவிடுகிறது. நாளைக்குத் திரும்ப வந்தால், "தூக்காதேன்னு சொன்னோமே" என்பார்கள். முன்கணிப்பாகச் சொன்ன எண், பழி சுமத்தும் சாட்சியாகிவிடும்.

"தெரியல மாமா. பாதி மூட்டையா தூக்கிப் பாருங்க" என்றேன்.

"கூலி மூட்டைக் கணக்குல்ல மாப்ள? பாதின்னா பாதிதான் குடுப்பான்."

அபாயத்தைக் குறைக்க வழி இருக்கிறது. அதற்கான விலையை யார் கொடுப்பது என்று கேட்கும் கட்டம்தான் என் அட்டவணையில் இல்லை.