நிமிர ஒரு நிமிடம்

கழுத்து வலிக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், ‘நேராக உட்காரப் பழகு’ என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. வலியால் தவிப்பவர் மீதே பழியைப் போடும் இந்த அறிவுரை என்னை நெடுநாளாக உறுத்துகிறது.

கழுத்து செய்வது லேசான வேலை இல்லை. வளர்ந்த ஒருவரின் தலை ஏறக்குறைய 5 கிலோ. அந்த எடை கழுத்தெலும்புக்குச் சற்று முன்பக்கமாக விழுவதால், நிமிர்ந்து இருக்கும்போதே பிடரித் தசைகள் அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. குனியக் குனிய இழுப்பு கூடும். முதுகெலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் ஒரு கணினி மாதிரியை வைத்துக் கணக்கிட்டார்: 15 டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் சுமை சுமார் 12 கிலோ, 60 டிகிரியில் 27 கிலோ.

ஆனால் குனிகிறவர்கள் எல்லோருக்கும் வலி வருவதில்லை. குனியவும் நிமிரவும் திரும்பவும்தான் கழுத்து அமைந்திருக்கிறது. அசையாமல் ஒரே நிலையில் மணிக்கணக்கில் கிடப்பதைத்தான் அதனால் தாங்க முடிவதில்லை. இறுகிய தசைக்குள் ரத்தம் சரியாகப் பாயாது. களைத்த தசை வலிக்கத் தொடங்கும். முதுகை விறைப்பாக வைத்து அசையாமல் உட்கார்ந்தாலும் இதே கதைதான்.

திருப்பூரில் பவர் டேபிள் எனும் மோட்டார் தையல் இயந்திரத்தில் தைக்கும் ஒரு அக்காவைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். இரு கையும் துணியைத் தள்ள, கண் ஊசியை விட்டு விலகாது. மோவாய் முன்னே நீள, தோள்கள் காதை நோக்கி ஏறிவிடும். நூல் அறுந்தால் கோப்பதற்காக இன்னும் குனிவார். ஒரு கட்டுத் துணி முடிந்ததும் தலையைத் தூக்காமலே கை அடுத்த கட்டை இழுக்கும். தைத்த எண்ணிக்கைக்கு மட்டும் கூலி தரும் பீஸ் ரேட்டில் நிமிரும் நேரத்துக்குக் கூலி கிடையாது. “கழுத்தக் கூடப் பொறுத்துக்கலாமுங்க, தலைவலிதான் தாங்கல. பொடனியில ஆரம்பிச்சு கண்ணுக்கு வந்து நின்னுக்குதுங்க” என்றார்.

அவர் சொன்னது உடற்கூறுக்கு அப்படியே பொருந்துகிறது. மேல் கழுத்தின் நரம்புகளும் முகத்தின் உணர்ச்சி நரம்பும் மூளைத்தண்டும் தண்டுவடமும் சந்திக்கும் பகுதியில் ஒன்றுசேர்கின்றன. அதனால் பிடரியில் பிறக்கும் வலி கண்ணுக்குப் பின்னால் தெரியும். தலைவலி மாத்திரை சற்று நேரம் அடக்கும். அடுத்த கட்டுத் துணியோடு வலியும் வந்துவிடும். கூன் விழுந்து உட்காரும்போது விலா விரிய இடமில்லாமல் மூச்சும் மேலோட்டமாகிறது. இரவில் வலியால் தூக்கம் கெட்டால் மறுநாள் முழுக்கச் சோர்வு. கழுத்தில் தொடங்கியது ஆளையே உருக்கிவிடுகிறது.

மடிக்கணினியோடு வேலை பார்க்கும் எனக்கு வழி சுலபம். திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தனி விசைப்பலகை வைத்துக்கொண்டேன். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன். யாரும் கேட்பதில்லை. அந்த அக்கா அப்படி எழுந்தால் வரிசையே நிற்கும், சூப்பர்வைசர் வந்துவிடுவார். எனக்கு இருப்பது அவரைவிடக் கூடுதல் ஒழுக்கம் அல்ல, என் நேரத்தின் மீதுள்ள அதிகாரம்.

துணிக்கடை போன்ற கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை செய்தவர்களுக்காகத் தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தி, உட்காரும் உரிமையைத் தந்தது. கால் கடுத்தவர்களிடம் ‘நிற்கப் பழகு’ என்று அன்று சொல்லவில்லை, இருக்கை போடச் சொன்னது. உட்கார்ந்தே குனிந்து கிடப்பவர்களுக்கும் அதே நியாயம் வேண்டும். மேசையின் உயரத்தை ஆளுக்கேற்ப மாற்றலாம். ஊசியருகே நல்ல வெளிச்சம் தரலாம். கூலி பிடிக்காமல் மணிக்குச் சில நிமிடம் எழுந்து நடக்க விடலாம். கழுத்து வலிக்கிறது என்று இனி ஒருவர் சொன்னால், எப்படி உட்காருகிறீர்கள் என்பதோடு, எழுந்திருக்க உங்களை விடுகிறார்களா என்றும் கேட்போம்.