தூணும் தோணியும்

மும்பை என்ற பெயரே கோலி மீனவர்கள் கும்பிடும் மும்பாதேவியிடமிருந்து வந்ததுதான். அந்த ஊரில், வர்லியில் கடலோரச் சாலையைக் கடற்பாலத்தோடு இணைக்கும்போது, தூண்களுக்கிடையே 60 மீட்டர் போதும் என்றது நகராட்சி. போதாது என்றார்கள் கோலிகள். அலையும் காற்றும் இழுக்கிற இடத்தில் தோணி கோடு போட்டாற்போலவா போகும்? எதிர்த்து நின்றார்கள். 2022 டிசம்பரில், ஒரு தூணைக் கைவிட்டு 120 மீட்டர் விடுவதென்று முடிவாயிற்று.

"ஊர் வளர யாராவது விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்?" என்பார்கள். இப்படிக் கேட்கிறவர் ஒருநாளும் விட்டுக்கொடுக்கிறவராக இருப்பதில்லை; அதுதான் வேடிக்கை. நஷ்டஈடு தரலாமே என்பது அடுத்த பேச்சு. வலைக்கு விலை உண்டு, தோணிக்கும் உண்டு. எந்த மாதம் எந்தப் பாறையோரம் எந்த மீன் வரும் என்ற அறிவை எந்தப் பேரேட்டில் பற்று எழுதுவது? அதைப் படிப்பு என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. பட்டம் வாங்காத எனக்கு இதில் சற்று ரோஷம் உண்டு.

சாலையே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அதில் போனால் நானும் வேகமாகப் போகத்தான் ஆசைப்படுவேன். அந்த 120 மீட்டரைச் சலுகை என்கிறார்களே, அங்கேதான் எனக்கு வழக்கு. கடல்வழி அவர்களுடையது, குறுக்கே தூண் நட வந்தது நகரம். அவர்கள் கேட்டது 120-க்கும் அதிகம் என்பதையும் சேர்த்தல்லவா எழுத வேண்டும்?