முள்ளுக்கு யார் சாட்சி?

பெட்ரோல் முள் வேலை செய்யாவிட்டால் நடுவழியில் நிற்க நேரும். சூடு காட்டும் முள் பொய் சொன்னால் எஞ்சினே போய்விடும். டேகோமீட்டர், அதாவது மெக்கானிக்குகள் ஆர்.பி.எம். மீட்டர் என்று சொல்வது, அப்படிப்பட்டதல்ல. அது செத்துக் கிடந்தாலும் கார் ஓடும். அது இல்லாமலேதான் நம் பழைய அம்பாசடர்களும் பத்மினிகளும் ஊர் ஊராகப் போய் வந்தன. அப்படியிருக்க, 1966-ஆம் ஆண்டு எம்ஜிபி கார் ஒன்றின் ஆர்.பி.எம். மீட்டருக்காக மாலைப் பொழுதுகளை ஏன் கொடுக்கிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

கார் கோவையில் இருக்கும் நண்பருடையது. இங்கிலாந்தில் ஆபிங்டன் ஆலையில் செய்தது. 1798 சிசி எஞ்சின், நான்கு சிலிண்டர். அதன் மீட்டர்களைச் செய்த ஸ்மித்ஸ் நிறுவனம் லண்டனில் கடிகாரக் கடையாகத் தொடங்கியது. 1953-இல் எட்மண்ட் ஹிலாரி எவரெஸ்டுக்குக் கொண்டுபோன கைக்கடிகாரமும் ஸ்மித்ஸ்தான். கடிகாரக்காரர்களின் கை என்பது மீட்டரைத் திறந்ததுமே தெரிகிறது. முகப்பு வளையத்தைச் சற்றுத் திருப்பினால் அதன் பற்கள் பள்ளத்தோடு பொருந்தி வளையம் கையோடு வந்துவிடும், திருகாணி கிடையாது. உள்ளே ரப்பர் பட்டை மட்டும் கருங்கல்லாக இறுகிப் போயிருந்தது.

அதன் வேலை எளிமையானது. இக்னிஷன் காயிலுக்குப் போகும் வெள்ளை ஒயர், வழியில் மீட்டரின் முதுகில் ஒரு வளையம் போட்டுவிட்டுப் போகிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஒயரில் மின்னோட்டம் அறுபடுகிறது. வளையம் அதை உணர்கிறது. உள்ளே இருக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு அறுபடலுக்கும் ஒரே அளவான ஒரு துடிப்பை முள்ளுக்கு அனுப்புகின்றன. துடிப்புகள் அடுத்தடுத்து வர, முள் அவற்றைத் தனித்தனியாகப் பின்தொடர முடியாமல் சராசரியில் போய் நிற்கிறது. அந்தச் சராசரிதான் எஞ்சினின் வேகம்.

1967 வரை வந்த எம்ஜிபிக்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். பின்னால் யாரோ ஒருவர் இந்தக் காரை நெகட்டிவ் எர்த்தாக மாற்றியிருக்கிறார். மீட்டருக்குள் மாற்ற வேண்டியதை மாற்றவில்லை. டிரான்சிஸ்டர்கள் போயிருந்தன. துடிப்பின் கால அளவை நிர்ணயிக்கும் கெப்பாசிட்டரும் வயதாகித் தன் மதிப்பிலிருந்து விலகியிருந்தது. அவற்றை மாற்றினேன், மின்சாரம் நுழையும் இணைப்பை உள்ளே இடம் மாற்றி, வளையத்தின் திசையையும் திருப்பினேன். முள் உயிர் பெற்று எழுந்தது. பார்த்துக்கொண்டிருந்த எல்லோருக்கும் மகிழ்ச்சி.

எனக்கு அந்த இடத்தில்தான் கேள்வி தொடங்கியது. முள் ஆடுகிறது, சரி. அது சொல்வது உண்மையா? மீட்டருக்குள் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் எஞ்சினின் அதே வேகத்துக்கு முள் 2500 என்றும் காட்டும், 3500 என்றும் காட்டும். எந்த எண்ணை வேண்டுமானாலும் நான் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

காரைக் கவனித்துக்கொள்ளும் முதிய மெக்கானிக், “காதுதான் இருக்குதுங்களே, சத்தத்தை வெச்சே சொல்லீரலாம்” என்றார். அவர் காதை நான் மதிக்கிறேன். ஒரு வால்வு தளர்ந்திருப்பதை அவர் தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவார். ஆனால் காதின் திறமை மாற்றத்தைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியும். மெல்ல மெல்ல வருடக் கணக்கில் வந்த மாற்றம் தெரியாது, ஏனென்றால் காதும் கூடவே மாறியிருக்கும். ஓயாமல் அதிகச் சுற்றில் ஓடும் எஞ்சினோடு பழகியவருக்கு அதுதான் இயல்பான சத்தம்.

என் அத்தை மகன் ஒருவர் நூற்பாலையில் வேலை பார்த்தவர். எப்போது கேட்டாலும் “நான் நல்லாத்தானே இருக்கேன்” என்பார். பொய் சொல்லவில்லை; அவருக்கு அப்படித்தான் இருந்தது. வேறு எதற்கோ மருத்துவரிடம் போனபோது கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்ததில் ரத்த அழுத்தம் 190-ஐத் தாண்டி நின்றது. உடம்பு அந்த அழுத்தத்துக்குப் பழகி, அதையே நலம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. நாம் எவ்வளவு பாடுபடுகிறோம், எவ்வளவு களைத்திருக்கிறோம், வீட்டில் எவ்வளவு கடுமையாகப் பேசுகிறோம் என்பதெல்லாம் நம் உள்ளுணர்வுக்குத் தெரியும் என்று நம்புகிறோம். எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

அப்படியானால் எதைக் கொண்டு சரிபார்ப்பது? இன்னொரு பழைய காரின் மீட்டரோடு ஒப்பிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றேன். அதன் கெப்பாசிட்டருக்கும் இதே வயது. இரண்டு நோயாளி முட்கள் ஒரே எண்ணைக் காட்டினால் இரண்டும் நலம் என்று ஆகாது. பக்கத்து வீட்டாரையும் உடன் படித்தவர்களையும் பார்த்து நம் வாழ்க்கையை அளக்கிறோமே, அதில் இருக்கும் குறை இதுதான். அவர்களும் நம் காலத்தில் நம்மைப் போலவே தேய்ந்தவர்கள்.

சாட்சி வீட்டுச் சுவரிலேயே இருந்தது. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. அதை ஒரு சிறிய டிரான்ஸ்பார்மரால் 12 வோல்ட்டாக இறக்கி, நான்கு டயோடுகள் வழியே விட்டால் விநாடிக்கு 100 துடிப்பு கிடைக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு தீப்பொறி தரும். ஆக, விநாடிக்கு 100 தீப்பொறி என்பது நிமிடத்துக்கு 3000 சுற்று. ஒரே ஒரு டயோடு போட்டால் 50 துடிப்பு, 1500 சுற்று. அந்தத் துடிப்பால் ஒரு டிரான்சிஸ்டரைத் திறந்து மூட வைத்து, மின்னோட்டத்தை மீட்டரின் வளையம் வழியே அனுப்பினால் எஞ்சினே இல்லாமல் முள் எழுந்து நிற்கும். பழைய மீட்டர் பழுதுபார்ப்பவர்கள் பல நாடுகளில் செய்துவரும் முறை இது.

மேசைமேல் முள் 3000-ஐத் தொட்டபோது எனக்கு மேட்டூர் நினைவுக்கு வந்தது. அங்கே அனல்மின் நிலையத்தின் டர்பைன் சுழல்வதும் நிமிடத்துக்கு 3000 சுற்றுதான். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் இணைந்ததிலிருந்து தென்னக மின்தொகுப்பும் நாட்டின் மற்றத் தொகுப்புகளும் ஒன்றாகிவிட்டன. அந்தத் தொகுப்பில் சுழலும் பெரிய ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. ஒன்று மட்டும் தன் விருப்பத்துக்கு ஓட முடியாது. என் மேசையில் நின்ற முள்ளை அத்தனை இரும்பும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருந்தது.

அந்த 50 தானாக வருவதும் இல்லை. கோடை மதியத்தில் எல்லோரும் ஏசி போட்டால் அது இறங்கப் பார்க்கும். தேவை குறைந்தால் ஏறப் பார்க்கும். 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் அதை வைத்திருக்க மின்தொகுப்புக் கட்டுப்பாட்டு மையங்களில் இரவும் பகலும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 49.90 என்றாலும் என் கணக்கில் 2994 சுற்று. முள்ளின் தடிமனுக்குள் அந்த வித்தியாசம் மறைந்துவிடும். நான் நம்பிய அளவுகோல் மனிதர்கள் நொடிக்கு நொடி கவனித்து, திருத்தித் திருத்திக் காப்பாற்றி வருவது. அதனாலேயே அதன்மேல் எனக்கு மரியாதை கூடியது. என்னைத் திருத்தக்கூடியவர்கள் யார் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். தாங்களும் பிறரிடம் திருத்தம் கேட்டுக்கொள்கிறவர்களாக, என்னிடம் எதையும் எதிர்பார்க்காதவர்களாக இருக்க வேண்டும். மிகச் சிலரே தேறினார்கள். அவர்களோடு பேச்சு விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

ஒரு திருகு ஓரிடத்தில்தான் முள்ளைச் சரியாக வைக்கும். 3000-இல் சரி செய்தால் 1500-இல் சற்றுக் கூடக் காட்டுகிறது. கீழே சரி செய்தால் மேலே தவறுகிறது. நான் 3000-ஐத் தேர்ந்தேன். இந்தக் கார் நான்காவது கியரில் மணிக்குச் சுமார் 85 கிலோமீட்டரில் போகும்போது எஞ்சின் சுற்றுவது அந்த அளவில்தான். நண்பர் அதிகம் ஓட்டுவதும் அந்த வேகத்தில்தான். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் பிசகி நிற்பதைவிட, அதிகம் வாழும் இடத்தில் சரியாக இருப்பது மேல் என்பது என் முடிவு. கீழே இருக்கும் பிசகை நண்பரிடம் சொல்லிவிட்டேன்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மீட்டர் நின்றுபோனால் உள்ளே இருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுப் பலகை வைத்துக்கொள்ளும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் கெட்டிருப்பது ஒரு கெப்பாசிட்டரும் ஓரிரண்டு டிரான்சிஸ்டரும்தான். நல்ல ரேடியோ மெக்கானிக் ஒருவரால் அதைச் சரி செய்ய முடியும். பழையதோ புதியதோ, முள் ஆடுவதைப் பார்த்தவுடன் வாங்கி வந்துவிட வேண்டாம். வீட்டு மின்சாரத்தின் 50 சுழற்சியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கச் சொல்லி, 3000-இல் அது எங்கே நிற்கிறது என்று நேரில் நின்று பாருங்கள்.