ஆறில் மூன்று

குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது. இந்த ஆறில் மூன்றையாவது இன்னொருவர் உதவியில்லாமல் செய்ய முடியாத நிலையைத்தான் சிங்கப்பூரில் ‘கடுமையான உடற்குறை’ என்கிறோம். 2020-இல் தொடங்கிய கேர்ஷீல்டு லைஃப் காப்புறுதி அந்த நிலையில் உள்ளவருக்குத்தான் மாதாமாதம் பணம் தரும். நாமும் 30 வயதில் தானாகவே அதில் சேர்ந்துவிடுவோம்.

சரி, இரண்டு மட்டும் முடியாதவர்? அவருக்குக் கிடையாது. இது நியாயமா?

பொறியியல் படிக்கிற எனக்கு எல்லைக்கோடு புதுசு இல்லை. உத்தரம் எவ்வளவு எடை தாங்கும் என்று எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும். எல்லாரும் சேர்ந்து கட்டிய பணத்தைக் கொடுக்கவும் கோடு வேண்டும். இல்லையென்றால் நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கே கிடைக்கும்.

ஆனால் கோட்டுக்கு எல்லாமே தெரியாது. மறதிநோய் உள்ள தாத்தா தானாக நடப்பார். ராத்திரி கதவைத் திறந்து எங்கே போவாரோ என்று வீட்டில் யாரும் தூங்குவதில்லை. இன்னொரு வீட்டில் பாட்டி, மதிப்பீட்டாளர் கேட்டால், மானத்துக்கு அஞ்சி “நானே செஞ்சுக்குவேன்” என்பார்.

அதனால் மதிப்பீட்டு நாளில் தினமும் கவனிக்கிறவர் பக்கத்தில் இருக்கட்டும். உள்ளதைச் சொல்வது கையேந்துவது ஆகாது.

மூன்று என்பது பணத்துக்கான கணக்கு. தொண்டுக்கு அந்தக் கணக்கு வேண்டாமே. உங்கள் புளோக்கில் இரண்டோடு நிற்கிறவர் யார்? இந்த வாரம் ஒரு தடவை போய்ப் பாருங்க.