யாரு வண்டிய்யா இது?

மம்சாபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில், மலையைப் பார்த்த மேற்கு ஜன்னலோரம் ஒரு மேசை கிடக்கிறது. உச்சிப்பொழுது வரைக்கும் அங்கே நேர் வெயில் விழாது. மெல்லிய நிறபேதம் தெரிய அதைவிட நல்ல வெளிச்சம் இல்லை. அங்கே உட்கார்ந்துதான் டாங்கி பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். எல்லாம் 1939, 1940 காலத்து ஜெர்மன் டாங்கிகள். அசலில் 72-ல் ஒரு பங்கு. உள்ளங்கையில் ஒன்று அடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜபாளையத்திலிருந்து நண்பர் போலந்துப் படையோடு வருவார். பகடையும் அளவு டேப்பும் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை மேசைமேல் சண்டை நடக்கும்.

அத்தை சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் பல வருஷம் வேலை பார்த்தவர். பிரஷ் துடைக்க எனக்கு அங்கிருந்து வெட்டுத்துணி கொண்டுவந்து தருவார். ஒரு நாள் படியேறி வந்தவர், கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார்.

"யாரு வண்டிய்யா இது?"

"ஜெர்மன்காரன் வண்டி அத்தை. ஹிட்லர் காலத்துல."

"நல்லவனா அவன்?"

"இல்ல அத்தை. ரொம்பக் கெட்டவன்."

"பெறகு எதுக்கு அவன் வண்டிக்கு இம்புட்டு அழகா பெயின்ட் அடிக்கிற?"

வெறும் விளையாட்டு என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. ஒரு பொருளின் மேல் இருபது மணி நேரம் குனிந்து கிடக்கிறவனுக்கு அது வெறும் விளையாட்டு இல்லை.

வட மாவட்டங்களில் பாரதக் கூத்து முடிகிற நாளில் துரியோதனனை மண்ணால் தரையில் படுத்த வாக்கில் செய்கிறார்கள். முறுக்கிய மீசை, உருட்டு விழி, கிரீடம் எல்லாம் உண்டு. கெட்டவன்தானே என்று யாரும் அரைகுறையாகச் செய்வதில்லை. இதை அத்தையிடம் பதிலாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால் அதுவும் பொருந்தவில்லை. அந்தத் துரியோதனன் தொடை பிளந்து விழுந்து, மண்ணோடு மண்ணாகிவிடுகிறான். என் டாங்கி கண்ணாடி அலமாரிக்குப் போகிறது. அங்கே ஜெயித்தவன் மாதிரி நிற்கிறது.

அன்றிலிருந்து நான் அழகாக அடிக்கப் பார்ப்பதில்லை, சரியாக அடிக்கப் பார்க்கிறேன். இரண்டும் வேறு வேறு என்று கை பழகப் பழகத்தான் தெரிகிறது. அந்தக் காலத்து ஜெர்மன் டாங்கி முழுக்கக் கருஞ்சாம்பல் நிறம் என்றே பொம்மை செய்கிறவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். உண்மையில் 1940 ஜூலை வரை இருந்த உத்தரவு, மூன்றில் ஒரு பங்கு கரும்பழுப்புத் திட்டுகள் இருக்க வேண்டும் என்பது. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில் அந்தப் பழுப்பு சாம்பலுக்குள் மறைந்துபோனது. இப்போது நான் அந்தப் பழுப்பைப் போடுகிறேன். கை நீட்டும் தூரத்தில் அது கண்ணுக்கே தெரியாது. இருந்தும் போடுகிறேன். இன்னொன்று: அசல் நிறத்தை அப்படியே எடுத்துப் பூசினால் இத்தனை சின்ன உருவத்தில் அது கறுப்பாகத் தெரியும். கொஞ்சம் வெள்ளை கலந்தால்தான் உண்மைபோல இருக்கும். அந்தச் சொட்டு வெள்ளை எவ்வளவு என்பதில்தான் பாதிப் பொழுது போகிறது.

ஜெர்மன்காரர்கள் போலந்தில் நுழைந்தபோது டாங்கிகளில் கொட்டையாக வெள்ளைச் சிலுவை வரைந்திருந்தார்கள். போலந்துப் பீரங்கிக்காரர்களுக்கு அதுவே குறியாகிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் தங்கள் சின்னத்தின் மேல் தாங்களே சேற்றை அள்ளிப் பூசினார்கள். பிரஷ்ஷில் சேற்று நிறம் தொட்டு அந்தச் சிலுவையை மறைக்கும்போதுதான், ஒரு படையின் பெருமையும் அதற்குள் உட்கார்ந்திருந்த ஆளின் பயமும் ஒரே இடத்தில் தெரிந்தன எனக்கு.

கொடி விஷயத்தில் நெடுநாள் தடுமாறினேன். தங்கள் விமானமே குண்டு போட்டுவிடாமல் இருக்க, டாங்கியின் பின்மேட்டில் சிவப்புக் கொடியை விரித்துக் கட்டியிருப்பார்கள். அதில் வெள்ளை வட்டம், நடுவே சாய்ந்த ஸ்வஸ்திகம். முதல் மூன்று வண்டிகளில் அதைப் போடவில்லை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். நான்காவதில் போட்டேன். கொடியை எடுத்துவிட்டால் அது ஒரு நல்ல யந்திரம் மட்டும்தான். எந்தப் பாவமும் ஒட்டாத பொம்மை. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "நம்ம கோலத்துல போடுறதுதான இது" என்றார். நம் வீட்டு வாசலில் சுபம் சொல்லும் குறிக்கு ஐரோப்பாவில் என்ன அர்த்தம் வந்து சேர்ந்தது என்று அன்றைக்கு ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கொடிக்கு எதிராகப் போருக்குப் போன நம் சுபேதார் சுப்பிரமணியத்தைப் பற்றியும் சொன்னேன். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்காரர். 1944 பிப்ரவரியில் இத்தாலியில் ஒரு கண்ணிவெடி வெடிக்கப்போகிற கணத்தில், கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன்மேல் விழுந்து உயிரைக் கொடுத்தார். ஜார்ஜ் கிராஸ் விருது அவர் போன பிறகுதான் வந்தது. அத்தை மடியில் இருந்த வெட்டுத்துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இப்போது மேசையில் இருப்பது 38டி. பெயரில் இருக்கும் 'டி'க்குச் செக் நாட்டு வண்டி என்று அர்த்தம். செக்கோஸ்லோவாகியா தன்னைக் காத்துக்கொள்ள 1938-ல் 150 டாங்கிகளுக்குச் சொல்லிவைத்தது. ஒன்றுகூடப் படைக்கு வந்து சேரவில்லை. 1939 மார்ச்சில் ஜெர்மன் படை பிராகாவுக்குள் வந்துவிட்டது. தொழிற்சாலையின் பெயரை மாற்றி, அங்கேயே அந்த வண்டிகளை 1942 வரை தனக்காகச் செய்துகொண்டது. மொத்தம் 1,400க்கும் மேல். 1940-ல் பிரான்சுக்குள் பாய்ந்த ஜெர்மன் தளபதி ரோமலின் டிவிஷனில் மற்ற எந்த வகையையும்விட இந்த வண்டிதான் அதிகம்.

போன வாரம் இதையும் அத்தையிடம் சொன்னேன். தறிக்காரர் என்பதால் அவர் மனசு நேராகப் பட்டறைக்குப் போய்விட்டது.

"அப்ப அந்தூர் ஆளுகதான் செஞ்சாகளா?"

"ஆமா அத்தை."

"இந்தச் சாம்பல் பெயின்ட்டும் அவுகளே அடிச்சதா?"

"அங்கதான் அடிச்சாங்க."

வண்டியை அடிப்பலகையோடு தூக்கி, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"கை கூசியிருக்குமே, பாவம்."